செக்போஸ்ட் அடைத்த பிறகும் எரிகிற தொண்டை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊர்களில் நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவர்கள், யாராவது சொல்லிக் கேட்டு என் திண்ணைக்கு வருவதுண்டு. "நெஞ்சு எரியல்ல சாரே, தொண்டதான் விடமாட்டேங்கு" என்பதுதான் முதல் பேச்சு. நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் வகுப்பில் கத்திய வாத்தியார். அதே ஆபரேஷன் செய்துகொண்டவன். அந்தத் திண்ணைப் பேச்சைத்தான் இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. முதலில் உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடியைச் சுற்றித் துண்டு போர்த்துகிற மாதிரி போர்த்தித் தைத்திருக்கிறார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மானிய சர்ஜன் 1955இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் செய்து, அடுத்த வருஷம் எழுதி வெளியிட்ட முறை. 1948இல் ஐன்ஸ்டைனின் வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்தைச் செலஃபேன் சுற்றிக் கட்டியவரும் இவரே. மனுஷருக்குச் சுற்றிக் கட்டுவதில் ஒரு பிரியம் போல. நிஸ்ஸன் எழுதி வெளியிட்ட அதே 1956இல், நவம்பர் 1ஆம் தேதிதான், நமக்கும் களியக்காவிளையில் மாநில எல்லைக் கோடு விழுந்தது. ஆபரேஷனும் ஒரு செக்போஸ்ட்தான். இனி வருகிற லாரியைத் தடுக்கும். நேற்றே கடந்துபோன லாரி என்ன செய்ததோ அது செய்ததுதான். இத்தனை வருஷமாக அமிலமும், அதோடு பெப்சின் என்ற செரிமானப் பொருளும் மேலேறித் தொண்டைச் சவ்வை அரித்திருக்கின்றன. உணவுக்குழாய்க்கு இருக்கிற தாங்கும் சக்தி தொண்டைக்குக் கிடையாது. ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். நெஞ்செரிச்சல் போவதற்குச் சொல்கிற உறுதியைத் தொண்டைக்கு எந்த நல்ல சர்ஜனும் சொல்லமாட்டார்.

2. முதல் சில நாள் தொண்டை நோவு வேறு. மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் விட்ட டியூப் உரசியது அது, தானே போகும். தோள்பட்டை வலித்தால் பயப்படவேண்டாம், வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயுவின் வேலை.

3. செருமாதீர்கள். இதை ஒன்பது தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும். காறினால் போய்விடும் போலத் தோன்றும். காறும்போது குரல்நாண் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. அடிபட்ட இடம் வீங்குகிறது, வீங்கினது மறுபடி ஒட்டினது போலத் தோன்றுகிறது, மறுபடி காறுகிறோம். அமிலம் நின்ற பிறகும் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது என் விஷயத்தில் நானேதான்.

எனக்கே நம்பிக்கை வராததால் எண்ணிப் பார்த்தேன். சட்டையின் இடது பையில் இருபது புளியங்கொட்டை. ஒரு தடவை செருமினால் ஒன்று வலது பைக்கு. பாறசாலையில் பஸ் ஏறினேன்; உதியன்குளங்கரை தாண்டும்முன் இடது பை காலி. பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. அன்றிலிருந்து, செருமல் வரும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர். தண்ணீர் இல்லையானால் எச்சிலை அழுத்தி ஒரு விழுங்கல். மூன்றாம் வாரம் நாள் முழுக்கவே ஐந்தாறு கொட்டைதான் நகர்ந்தது.

4. சாப்பாடு. போர்த்தித் தைத்த இடம் சில வாரம் வீங்கி இறுக்கமாக இருக்கும். பொடியரிசிக் கஞ்சி, குழைந்த பயறு, அவித்து மசித்த ஏத்தம்பழம் போதும். புட்டும் பப்படமும் இறங்காமல் நின்றுகொள்ளும். நான் ஒரு துண்டுப் புட்டோடு அரைமணி நேரம் முற்றத்தில் நடந்திருக்கிறேன். மரச்சீனியைக் குழைய மசித்தால் பிறகு பார்க்கலாம். குடம்புளி போட்ட மீன்கறி வெகுநாள் பிறகு. சோடா வேண்டாம்: முன்னைப் போல ஏப்பம் வெளியே வராது, வயிறு பானையாகும். கொதிக்கக் கொதிக்கச் சாயா குடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சீரக வெள்ளம் இளஞ்சூட்டில் நல்லது. ரப்பர் பால் வாளி, தேங்காய்ச் சாக்கு எதையும் சர்ஜன் சொல்லும்வரை தூக்கக்கூடாது.

5. டாக்டரிடம் பேசுகிற பாஷை. நாம் தமிழ், மலையாளம் இரண்டு பாஷையிலும் புரள்கிறவர்கள். ஆனால் கூட வருகிறவர்? ஒரு தடவை நான் பேசக்கூடாது என்றிருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்து மைத்துனர் கூட வந்தார். டாக்டர் மலையாளத்தில், "வலி உண்டோ?" என்றார். மைத்துனர், "உண்டு, உண்டு, நிறைய உண்டு" என்றார். மலையாளத்தில் அந்தக் கேள்விக்கு "பீடி, சிகரெட் உண்டா" என்று அர்த்தம். புகையை விடச் சொல்லி அரைமணி நேரம் எனக்கு உபதேசம். வாழ்நாளில் நான் பீடி தொட்டதில்லை. ஆகவே வலி என்று சொல்லாதீர்கள், வேதனை என்று சொல்லுங்கள். எந்த நேரம், சாப்பிட்ட பிறகா, பேசிய பிறகா, படுத்தாலா, எந்தப் பக்கம், காதுக்கு ஓடுகிறதா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

6. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். தையல் தளர்ந்ததா என்று பார்க்க எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் இருக்கின்றன. அமிலம் இன்னும் ஏறுகிறதா என்று பார்க்க மூக்கு வழியே மெல்லிய ஒயரை விட்டு 24 மணி நேரம் அளக்கிற சோதனை இருக்கிறது. அதில் அமிலம் இல்லை என்று வந்தால் வேறு காரணம் தேடவேண்டும்: மூக்கிலிருந்து பின்னால் இறங்கும் சளி, டான்சில், தைராய்டு, கழுத்துத் தசை இறுக்கம், காதுக்கடியில் நீண்டு வளர்ந்த எலும்பு முள். தொண்டை சிவந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி மறு ஆபரேஷனுக்குத் தலையாட்டாதீர்கள். நோயே இல்லாதவர் தொண்டையும் சிவந்திருக்கும்.

7. எல்லாம் சரி, ஆனாலும் வலிக்கிறது என்றால் அது மனப்பிராந்தி அல்ல. பல வருஷம் எரிந்த நரம்பு, எரிப்பது நின்ற பிறகும் எரிகிறதாகவே சேதி அனுப்பும். அந்த நரம்பை அடக்க மருந்து உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரையாகவே அது இருக்கலாம், சிறு அளவில். சீட்டைப் பார்த்து வீட்டில் சண்டை போடவேண்டாம். குரல் பயிற்சியும் உதவும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில், 1997இல் தொடங்கிய நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. இன்னொன்று: குரலுக்கு ஓய்வு என்று குசுகுசுவென்று பேசாதீர்கள், அது குரல்நாணை இன்னும் இறுக்கும். ஒன்று பேசாதிருங்கள், இல்லை மெல்ல, இயல்பாகப் பேசுங்கள்.

8. அமில மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். காப்ஸ்யூல் இறங்கவில்லை என்று உடைத்துக் கரைத்துக் குடிக்காதீர்கள். கேட்டால் வேறு வடிவில் எழுதித் தருவார்கள்.

9. தண்ணீர் கூட இறங்கவில்லை, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காய்ச்சலோடு நெஞ்சு நோவு: இவற்றுக்கு என் திண்ணை அல்ல, ஆஸ்பத்திரி, அதுவும் அன்றைக்கே. எடை குறைந்துகொண்டே போனாலும், கழுத்தில் கட்டி தெரிந்தாலும், நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலும் இ.என்.டி. டாக்டர் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் நான்கு வாரம் கூடப் பொறுக்கவேண்டாம்.

எனக்குத் தொண்டை அடங்கப் பதினோரு மாதம் ஆனது. கோயில் திருவிழாவில் மைக் பிடித்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் நோகிறது. புளியங்கொட்டை இருபதும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.