பழைய கணிப்பொறிக்குப் புதிய காவல்

திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்து ஊர்களுள் பெரணமல்லூரும் ஒன்றாகும். அவ்வட்டாரத்து நெசவாளர், சேலையின் கரையிலும் முந்தானையிலும் மாங்காயும் மயிலும் எழச் செய்வதற்குத் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டியைப் பொருத்துவர். அதில் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயரும். இல்லாத இடத்தில் தாழ்ந்தே நிற்கும். வேறு பூ வேண்டுமாயின் தறியை உடைத்தெறிவார் எவருமிலர்; அட்டைக் கோவையையே மாற்றுவர். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த இம்முறையைக் கண்டே, சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் துளை அட்டைகளை மேற்கொண்டார். ஆகவே, தறியும் கணிப்பொறியும் ஒரு வகையில் உறவினவே.

கணிப்பொறிக்கும் உடல் வேறு, அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி வேறு. அத்தொகுதியை இயங்குதளம் என்பர். உடல் நன்னிலையில் இருக்கவும், இயங்குதளம் காவலற்றுப் போதல் உண்டு. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி உலகெங்கும் பரவியது. அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு அதற்குப் பொதுவாகத் திருத்தங்கள் அளிப்பதை நிறுத்திக்கொண்டது. அன்றிரவு எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. இதுவே இடர், நின்றிருந்தால் எல்லாரும் விழித்திருப்பர்.

திருத்தம் இல்லையேல் தீங்கு எவ்வாறு நேரும்? புதிய பதிப்பில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், அது எங்கே இருந்தது என்பதை அத்திருத்தமே திருடர்க்குக் காட்டிவிடும். அவ்வோட்டை பழைய பதிப்பிலும் இருக்குமாயின், அங்கே அது என்றும் திறந்தே கிடக்கும்.

2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகைத் தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவைத்து, 300 டாலர் மதிப்புள்ள மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இதில் வியப்பு யாதெனில், அவ்வோட்டைக்குரிய திருத்தம் அந்த மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது. தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பியும் அல்ல. திருத்தம் ஏற்காத விண்டோஸ் 7 பொறிகளே. திருத்தம் கிடைத்தால் மட்டும் போதாது. அதனை ஏற்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கொரு மாற்று வழி முன்னரே இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு ஆக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருவை அது அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸும் ஒருங்கே இடம்பெற்றன. எக்ஸ்பிக்குரிய ஆதரவு முடிவுற்ற 2014-இல், அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறுமாறு தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது.

லினக்ஸ் வகை இயங்குதளங்களின் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம். எனவே ஒரு நிறுவனம் கைவிட்டாலும் பிறர் அதனைப் பேணுதல் இயலும். பயனர் அன்றாடம் வேலை செய்யும் கணக்கு வேறு, பொறியின் அமைப்பை மாற்றும் உரிமை வேறு என்று பிரித்துவைப்பதும் அவற்றின் வழக்கம். எக்ஸ்பியை வீட்டில் ஆண்டோர் பலர் எப்போதும் முழு உரிமையோடே புகுந்தனர். ஒரு தவறான சொடுக்கு, பொறி முழுவதையும் பகைவர் கையில் ஒப்படைத்துவிடும்.

மாற விரும்புவோர் முதலில் தம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும். இதில் சோம்பியோரே பின்னர் வருந்துவர். அதன்பின், இயங்குதளத்தைப் பென்டிரைவில் பதிந்து, உள்வட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். திரை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை ஒத்துவருகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். நினைவகம் 2 ஜிபி அளவே உடைய பொறிக்கு, எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான திரைமுகப்பு ஏற்றது.

எல்லாம் எளிதென்று எண்ணற்க. விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு நிரல்கள் சில இங்கே ஓடா. பழைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்ற நேரலாம். லினக்சிலும் ஓட்டைகள் தோன்றும்; ஆகவே அதற்குரிய திருத்தங்களையும் தவறாது ஏற்றல் வேண்டும். மிகப் பழைய 32-பிட் பொறிகளின் நிலை இன்னும் கடினம். பாஸுக்கு அடிப்படையான டெபியன், 2025-இல் வெளிவந்த தன் 13-ஆம் பதிப்பில் அவ்வகைப் பொறிகளுக்கு நிறுவியை வழங்கவில்லை. அத்தகைய பொறியை இணையத்தினின்று துண்டித்து, தட்டச்சுப் பயிற்சிக்கோ, நூலகத்து நூற்பட்டியலுக்கோ பயன்படுத்துவர்.