துண்டுத்துணிப் போர்வை

கேமரன் மலையில் பிற்பகல் மழை விட்டதும் தேயிலைச் சரிவுகளின்மீது மூடுபனி இறங்கத் தொடங்கும். இரவில் வெப்பநிலை 15, 16 பாகை செல்சியஸ்வரை குறையும். மலையடிவாரத்தில் உள்ள தாப்பாவில் மின்விசிறி இல்லாமல் உறக்கம் வராது; மலைமேல் உள்ள தானா ராத்தாவில் போர்வை இல்லாமல் உறக்கம் வராது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள சாலையோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான்.

இந்தக் குளிர்தான் தேயிலையை இம்மலைக்குக் கொண்டுவந்தது. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதியை ஆராய்ந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தித் தேயிலை நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர் பலர். வெயில் காயும் சமவெளி ஊர்களைப் பூர்வீகமாகக் கொண்ட அக்குடும்பங்களுக்கு மலைக்குளிர் புதிது.

பறித்த கொழுந்து நிறுக்கப்படும். எடை கணக்கில் ஏறும். அதற்கேற்பக் கூலி கிடைக்கும். ஆனால், அதே கைகள் லயத்து வீட்டுக்குத் திரும்பிய பின் செய்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கிழிந்ததைத் தைப்பது, நீண்டதைக் குறுக்குவது, அண்ணனின் சட்டையைத் தம்பியின் அளவுக்கு மாற்றுவது எல்லாம் அவ்வேலையில் அடங்கும். தமிழ் வீடுகளில் பழஞ்சேலை எளிதில் குப்பைக்குப் போனதில்லை. முதலில் அது பிள்ளைக்குத் தொட்டிலாகும். பிறகு நான்காக மடித்து ஓரம் தைத்தால் விரிப்பாகும். அதுவும் நைந்த பின்னர், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் கரித்துணியாகும்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவில் துணிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. சாக்குத் துணியை வெட்டி உடுத்தியவர்களும் உண்டு. அத்தகைய நாள்களில் ஊசியும் நூலும் வைத்திருந்தவர், இருக்கும் ஆடையின் ஆயுளை இன்னும் ஓராண்டு நீட்டினார். தையல் அன்று பொழுதுபோக்கு அன்று.

தையல் இயந்திரம் வந்த கதையும் சுவையானது. 1830இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த தீமோனியே என்னும் தையற்காரர் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் நகரத் தையற்காரர்கள் மறு ஆண்டே அவருடைய பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், ஊசியின் காது முனைக்கு அருகில் அமைந்திருந்தது. கையூசியில் காது பின்பக்கம் இருக்கும். அதை முன்பக்கத்துக்கு மாற்றியதே பெரிய திருப்பம். 1851இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். அவருடைய பங்காளியான எட்வர்ட் கிளார்க் 1856 வாக்கில் தவணை முறை விற்பனையைக் கொண்டுவந்தார். மொத்தப் பணமும் கையில் இல்லாத குடும்பத்தினரும் மாதந்தோறும் சிறிது கட்டி ஓர் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. மலாயாவிலும் சிங்கர் இயந்திரம் பரவியதற்குத் தவணை முறை ஒரு முக்கியக் காரணம். இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளும் 1924இல் ஓர் உரையாடலின்போது தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார்.

இன்று நிலைமை வேறு. இரவுச் சந்தையில் குறைந்த விலையில் போர்வை கிடைக்கிறது. சட்டையும் பாவாடையும் ஆயத்த ஆடைகளாக வந்துவிட்டன. பல வீடுகளில் பழைய கால்மிதி இயந்திரம் ஒரு மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. அதன்மேல் பூச்சாடியோ தொலைக்காட்சியோ உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் ஏன் தையல் கற்க வேண்டும்? கட்டாயம் நீங்கிய பிறகும் சிலர் அந்த மூடுதுணியை விலக்கி, இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறார்கள். தேவைக்காகத் தைத்த காலத்தில் வண்ணம் பொருந்துகிறதா என்று பார்க்க நேரம் இருந்திருக்காது. பொழுதுபோக்காகத் தைப்பவருக்கு அந்த நேரம் இருக்கிறது.

இயந்திரத் தையலுக்கு இரண்டு நூல்கள் வேண்டும். ஒன்று மேலே நூற்கண்டிலிருந்து ஊசிக்கு வருவது. மற்றொன்று கீழே பாபின் என்னும் சிறு உருளையில் சுற்றியிருப்பது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்கி, மீண்டும் சற்று மேலே எழும்போது மேல்நூல் ஒரு சிறு கண்ணியாகத் தளரும். சுழலும் கொக்கி அக்கண்ணியைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். மேல்நூல் அதிகம் இறுகினால் கீழ்நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும். மேல்நூல் தளர்ந்தால் துணியின் அடியில் குருவிக்கூடுபோல் சிக்கல் சேரும். புதிதாகப் பழகுபவர் அடியில் சிக்கலைக் கண்டதும் பாபினைத்தான் குற்றம் சாட்டுவார். பெரும்பாலும் குற்றம் மேலே இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோத்தால்தான் நூல் இறுக்கத் தட்டுகளுக்கு இடையே சரியாக உட்காரும். பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு கோத்தவருக்குக் குருவிக்கூடு நிச்சயம்.

ஊசிக்கும் எண் உண்டு. மெல்லிய துணிக்கு 11, பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 என்பது பொதுவான வழக்கம். பழகும்போது முதலில் நூலே கோக்காமல் கோடு போட்ட தாளின்மீது ஊசியை ஓட்டலாம். கோட்டைவிட்டு ஊசி எங்கே விலகியது என்பதைத் தாளில் விழுந்த துளைகளே காட்டிக்கொடுக்கும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. பாதத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். இதை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லும்வரை பலருக்கும் தோன்றுவதில்லை.

தையல் ஓரளவு கைவந்ததும் துண்டுத்துணிப் போர்வையைத் தொடங்கலாம். பழைய சேலை, பஞ்சாபி உடை, பாஜு கூரோங் வெட்டிய மிச்சம் என எது கிடைத்தாலும் சரிதான். ஆயினும், முதல் முயற்சிக்குப் பருத்தித் துணியே நல்லது. பட்டும் பாலியெஸ்டரும் வழுக்கும். துணிகளை முன்னதாகவே துவைத்து உலர்த்த வேண்டும். புதுப் பருத்தி சுருங்கும். சிவப்புச் சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியையும் பாழாக்கும்.

இங்கே கணக்குப் பாடம் தொடங்குகிறது. ஒவ்வொரு துண்டும் 5 அங்குலச் சதுரமாக வெட்டப்படுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். தைத்து முடித்த பின் சதுரத்தின் அளவு நாலரை அங்குலம். அகலத்துக்கு 12 சதுரம், நீளத்துக்கு 14 சதுரம் வைத்தால் மொத்தம் 168 சதுரங்கள் தேவை. போர்வையின் அளவு 54 அங்குல அகலமும் 63 அங்குல நீளமுமாக இருக்கும்.

தமிழ்க் கைவினைஞர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் ஒரு ‘நூல்’ என்பார்கள். அதன்படி, தையல் விளிம்பு இரண்டு நூல். தைப்பவரின் கை ஒவ்வோர் இணைப்பிலும் இரு துணிகளிலிருந்தும் அரை நூல் அதிகமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஓர் இணைப்புக்கு ஒரு நூல் குறையும். ஒரு வரிசையில் 11 இணைப்புகள் உள்ளன. வரிசையின் நீளத்தில் 11 நூல், அதாவது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒன்று எட்டில் மூன்று அங்குலம் காணாமல் போகும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தா. கண்ணுக்குத் தெரியாத பிழைதான். பதினொரு முறை சேர்ந்த பிறகு மறைக்க முடியாது. இழுத்துப் பிடித்துத் தைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படித் தைத்த போர்வை தரையில் விரித்தால் படியாது. நடுவில் அப்பளம்போல் உப்பும்.

ஆகவே, தையலைப் பிரிப்பதும் தையற்கலையின் ஒரு பகுதி. சிறு கத்தியால் நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டி, மறுபக்கத்து நூலை இழுத்தால் துணி சேதமின்றிப் பிரியும். அவசரத்தில் துணியையே இழுப்பவர் ஒரு சதுரத்தை இழப்பார். ஒரு மணி நேரம் தைத்ததைப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது கற்பவர்கள் விரைவில் தெரிந்துகொள்ளும் கசப்பான உண்மை.

சதுரங்களை வரிசையாகவும், வரிசைகளை ஒன்றோடொன்றும் இணைத்தால் போர்வையின் மேல்பாகம் தயார். இஸ்திரி போடும்போது ஒரு வரிசையின் விளிம்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் விளிம்புகளை வலப்பக்கமும் மடிக்க வேண்டும். அப்போதுதான் நான்கு மூலைகள் சந்திக்கும் இடத்தில் முடிச்சுபோல் தடிப்பு ஏற்படாது. மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் விரித்து, ஊக்கு குத்தியோ கச்சாத் தையல் போட்டோ நிறுத்த வேண்டும். பின்னர் மூன்றையும் ஊடுருவுமாறு தைக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிச் சென்றால் சுருக்கம் வெளியேறிவிடும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் சிக்கிக்கொள்ளும். இந்தத் தையல் அழகுக்கு மட்டுமன்று. அது இல்லையென்றால் நாலு முறை துவைப்பதற்குள் பஞ்சு ஒரு மூலையில் உருண்டு திரண்டுவிடும். பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் உடல் வெப்பத்தை வெளியே போகவிடாமல் காக்கிறது. பஞ்சு திரண்ட இடம் கனக்கும். விலகிய இடத்தில் குளிரும்.

பழந்துணியிலிருந்து போர்வை பிறப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். மலாய் மொழியில் இதற்குத் தம்பால் செரிபு என்று பெயர். ஆயிரம் ஒட்டு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் இட்டுக் காந்தா செய்தார்கள். இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் வங்காளதேசத்தவரும் உள்ளனர்; காந்தாவை அறிந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தேயிலை விளையும் மற்றொரு மலையான நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பூவேலை செய்கிறார்கள். வரைபடம் எதுவும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணியே ஊசி செல்லும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இயந்திரத்தால் பூவேலை செய்வது வேறு வகைத் திறன். சாதாரணத் தையலில் பாதத்துக்கு அடியில் உள்ள பற்கள் துணியை முன்னோக்கி நகர்த்தும். பூவேலைக்கு அப்பற்களை இறக்கிவிட வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும். துணியை வட்டச் சட்டத்தில் முரசுத் தோல்போல் இறுக்கி, கையால் நகர்த்த வேண்டும். ஊசி ஓரிடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், துணிதான் நடமாடும். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் இருந்தால் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். கை முந்தினால் தையல் நீண்டு தொங்கும். சில வேளை ஊசியும் முறியும். நியோன்யா கெபாயாவின் ஓரங்களில் காணும் நுண்ணிய பூக்களும் துளை வேலைப்பாடுகளும் இம்முறையில் இயந்திரத்தில் செய்யப்பட்டவையே. 2024இல் மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் கூட்டு முயற்சியால் கெபாயா யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இப்போது கணினிப் பூவேலை இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை வடிவத்தைத் தாமே தைத்துவிடும். எனினும் துணியைச் சட்டத்தில் கோணாமல் பூட்டுவதும், அடியில் தாங்குதாள் வைப்பதும், எந்த வண்ணத்துக்குப் பக்கத்தில் எந்த வண்ணம் என்று தேர்வதும் மனிதரின் வேலைதான்.

கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு வழிகள் இல்லாமல் இல்லை. 1961இல் முதியோர் கல்வி வகுப்புகளாகத் தொடங்கிய கெமாஸ் என்னும் சமூக மேம்பாட்டுத் துறை, நாட்டின் பல இடங்களில் தையல் வகுப்புகளை நடத்தி வருகிறது. காணொலிகளும் ஏராளம். ஆனால், நூல் இறுக்கம் சரியா என்பதை விரல்தான் அறியும். அதைக் காணொலி சொல்லித் தராது. மூலையில் கிடக்கும் பழைய இயந்திரத்தில் எந்தத் துளையில் எண்ணெய் விட வேண்டும் என்பதும் அந்த வீட்டுப் பாட்டிக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். மலையின் ஈரக்காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், எண்ணெய் விட்ட பின் முதலில் கழிவுத் துணியில் சில வரிசை தைத்துப் பார்ப்பது நல்லது. அல்லாவிட்டால் புதுத்துணியில் எண்ணெய்க் கறை விழும்.

வீட்டில் செய்யும் துணிவேலை உலகப் புகழ் பெறுவதும் உண்டு. பேங்காக்கில் வீடுகளில் தறி நெய்தவர்களைத் தேடிச் சென்று, தாய்லாந்துப் பட்டுக்கு வெளிநாட்டுச் சந்தையை உருவாக்கியவர் ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர். விந்தை என்னவென்றால், அவர் கடைசியாகக் காணப்பட்டது கேமரன் மலையில். 1967 மார்ச் 26ஆம் நாள் தானா ராத்தாவில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே சென்ற அவர் திரும்பவே இல்லை. காடெங்கும் தேடியும் பயனில்லை. இக்கதைக்கும் ஊசி நூலுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும், துணியைப் பற்றிப் பேசும்போது இம்மலையில் அதை விட்டுவிட முடியாது.

போர்வையின் நான்கு பக்கங்களிலும் ஓரப்பட்டை வைத்து மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. அதன் பிறகு பலர் ஒரு சிறு வெள்ளைத் துணியை அடிப்பக்க மூலையில் வைத்துத் தைக்கிறார்கள். இயந்திரப் பூவேலையில் முதலில் பழகும் பாடமும் இதுவே. சட்டத்தில் துணியை இறுக்கி, ஊசியைத் தூக்காமல் ‘அ’ என்று எழுதிப் பார்ப்பார்கள். சுழியில் தொடங்கி வளைந்து செல்லும் தமிழ் எழுத்து இதற்கு ஏற்றது. அடுத்துத் தைத்தவரின் பெயர், அதன்கீழ் ஆண்டு.

லயத்து வீடுகளில் பழஞ்சேலையை அடுக்கித் தைத்தவர்கள் அப்படிப் பெயர் எழுதிவைக்கவில்லை.