99-இல் பாதி எவ்வளவு?

முதலில் ஒரு சின்னக் கேள்வி, கால்குலேட்டர் வேண்டாம். ஒரு விளையாட்டில் மொத்தம் 99 லெவல். நீங்க 92-க்கு வந்துட்டீங்க. இன்னும் எவ்வளவு பாக்கி?

"ஏழு லெவல்தானே, ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றுதான் மனசு சொல்லும். சரியான விடை: இன்னும் பாதி பாக்கி.

இது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டின் கணக்கு. ரூன்ஸ்கேப் 2001-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் பழைய வடிவம்தான் ஓல்ட் ஸ்கூல். 2018-இல் இருந்து போனிலும் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக நுழைந்து, மரம் வெட்டி, மீன் பிடித்து, அரக்கனை அடித்து லெவல் ஏற்றுகிற வகை. எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்று சொல்வோமே, அது. பப்ஜி மாதிரி அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிந்து போகாது. இங்கே ஆட்டம் முடிவதே இல்லை. நீங்க தூங்கும்போதும் அந்த உலகம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கணக்குக்கு வருவோம். முதல் லெவலில் இருந்து இரண்டாவதுக்குப் போக 83 அனுபவப் புள்ளி போதும். சில நிமிட வேலை. லெவல் 50-க்கு மொத்தம் 1,01,333 புள்ளி. லெவல் 92-க்கு 65,17,253. லெவல் 99-க்கு 1,30,34,431. வகுத்துப் பாருங்க. லெவல் 50 என்பது பாதி வழி மாதிரி தெரிகிறது, ஆனால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

காரணம் ரொம்ப எளிது. ஒவ்வொரு ஏழு லெவலுக்கும் தேவையான புள்ளி ஏறக்குறைய இரண்டு மடங்காகும்படி சூத்திரம் எழுதியிருக்கிறார்கள். அதாவது ஒவ்வொரு லெவலும் முந்தையதைவிடப் பத்து சதவீதம் கனம். கூட்டு வட்டி! வங்கியில் பத்து சதவீத வட்டிக்குப் போட்ட பணம் ஏழு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்தோமே, அதே சங்கதிதான். என்ன, இங்கே வட்டி கட்டுவது நீங்க, கட்டுவது நேரத்தில்.

ஒரு மணி நேரத்துக்கு 50,000 புள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஏழு லெவலுக்கு மட்டும் 130 மணி நேரம். நமக்கு மூணு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 பீரியட். ஆக, கிட்டத்தட்ட மூணு பாடத்தை ஒரு வகுப்பு விடாமல் உட்கார்ந்து கேட்ட நேரம். அதுவும் ஒரே ஒரு திறமைக்கு. அந்த விளையாட்டில் இப்படி இருபதுக்கும் மேல் திறமைகள் இருக்கு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "அவனுக்கு சுயக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்லி நாம் சுலபமாக முடித்துவிடுகிறோம். நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்த நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை யார், எப்படி டிசைன் செய்தார்கள்?

வளைவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதிர்ஷ்டம். அதே விளையாட்டில் அபிசல் விப் என்று ஒரு சாட்டை ஆயுதம். ஒரு குறிப்பிட்ட அரக்கனைக் கொன்றால் 512-இல் ஒரு வாய்ப்பு. அப்போ 512 முறை கொன்றால் கிடைத்துவிடும்தானே? ப்ராபபிலிட்டி பேப்பரில் ஜியோமெட்ரிக் டிஸ்ட்ரிப்யூஷன் படித்தவர்கள் கொஞ்சம் யோசிங்க. 511/512-ஐ 512 முறை பெருக்கினால் சுமார் 0.37 வரும். நூறு பேர் ஆளுக்கு 512 அரக்கர்களைக் கொன்றால், அதில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 1,024 முறை கொன்ற பிறகும் 13 பேர் மிச்சம் இருப்பார்கள். அந்த 13 பேரும் "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அடுத்தது நிச்சயம் விழும்" என்று நினைப்பார்கள். விழாது. அதாவது, அடுத்ததுக்கும் அதே 512-இல் ஒன்றுதான். இந்த டிஸ்ட்ரிப்யூஷனுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று வகுப்பில் சொன்னபோது நாம் எல்லாரும் தலையாட்டினோம். ராத்திரி இரண்டு மணிக்கு அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதையேதான் சோதித்தார். ஃபெர்ஸ்டரும் அவரும் சேர்ந்து 1957-இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். இத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று நிச்சயமாகக் கொடுத்தால், தானியம் கிடைத்ததும் புறா கொஞ்சம் ஓய்வு எடுக்கும். எப்போது வரும் என்று தெரியாமல் கொடுத்தால் ஓய்வே எடுக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

உங்களில் பலர் விளையாடுகிற கென்ஷின் இம்பாக்டில் இதோடு தினக்கூலியும் சேர்ந்திருக்கு. தினசரி வேலைகளை முடித்தால் 60 கல். ஒரு முறை குலுக்க 160 கல். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் ஒட்டுமொத்த வாய்ப்பு 1.6 சதவீதம் என்று நிறுவனமே விளையாட்டுக்குள் போட்டிருக்கு. அப்போ சராசரியாக 62.5 குலுக்கல், 10,000 கல். வெறும் தினசரி வேலையை மட்டும் நம்பினால் 167 நாள். ஒரு செமஸ்டரைவிட அதிகம். விழுகிறதும் நீங்க ஆசைப்பட்ட பாத்திரமாக இருக்கும் என்று உறுதி இல்லை. மற்ற வழிகளிலும் கல் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 167 நாளும் "இன்னைக்கு லாகின் பண்ணலையே" என்ற அரிப்பு இருக்கிறதே, அதற்குத்தான் அந்த 60.

இந்த டிசைனர்கள் மனுஷ மனசை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவருவதற்கு முன், சோதனை நேரத்தில், ரொம்ப நேரம் விளையாடினால் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். விளையாடியவர்கள் கொதித்துவிட்டார்கள். உடனே நிறுவனம் என்ன செய்தது? பழைய முழு அளவுக்கு "ஓய்வு போனஸ், 200 சதவீதம்" என்று பெயர் வைத்தது. பாதியாகக் குறைந்ததற்கு "சாதாரணம், 100 சதவீதம்" என்று பெயர். கணக்கு அதேதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. எல்லாரும் சந்தோஷமாகிவிட்டார்கள்.

ஆனால் வளைவும் அதிர்ஷ்டமும் மட்டும் ஒருத்தரை வருஷக்கணக்கில் கட்டிப்போடாது என்பது என் கருத்து. கட்டிப்போடுவது மனுஷங்க.

எங்க ஊர் திருக்கோவிலூர். அங்கே ஒரு பழைய கதை உண்டு, கேட்டிருப்பீங்க. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அறியாதவர்கள். ஒரு மழை இரவில் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார்கள். ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம், மூணு பேர் என்றால் நிற்கத்தான் முடியும். இருட்டில் முகம் தெரியாது. அந்த நெருக்கத்தில் நாலாவதாக யாரோ வந்து நெருக்குவதை உணர்ந்து, அது பெருமாள் என்று கண்டு பாடினார்கள் என்பது ஐதீகம். பக்தியை விட்டுவிட்டு இந்தக் காட்சியை மட்டும் பாருங்க. முகம் தெரியாத மூணு பேர், இருட்டு, வெளியே போக முடியாத நேரம். ஒரே ராத்திரியில் எவ்வளவு நெருக்கம் வந்துவிடுகிறது! கில்ட் என்கிற குழு வேலை செய்வதும் இந்த நெருக்கத்தில்தான்.

எங்க தெருவில் ஒரு தம்பி. வேறொரு கல்லூரியில் இரண்டாம் வருஷம், தினமும் ஊரில் இருந்து கல்லூரி பஸ்ஸில் போய் வருகிறவன். ரெண்டு அரியர். ராத்திரி அம்மா வைஃபையை அணைத்தால் வீட்டில் பெரிய ரகளை. நான் கேட்டபோது அவன் சொன்னது: "அண்ணா, நான் விளையாடணும்னு கத்தல. அங்க ஒம்போது பேரு நிக்கறாங்க. நான்தான் ஹீலர். நான் போனா எல்லாரும் சாவாங்க."

பெரியவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அவனுக்கு இது கடமை. இதை வேண்டுமென்றே உருவாக்கியது அந்த வகை விளையாட்டுதான். 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் பெரிய டிராகனைக் கொல்லப் பல பேர் சேர வேண்டும், விழுகிற பொருளோ ஒன்றிரண்டு. யாருக்கு என்று சண்டை. அதனால் ஒரு கில்ட் டிராகன் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. எத்தனை ரெய்டுக்கு வந்தாயோ அத்தனை புள்ளி, அதைச் செலவழித்துப் பொருளை வாங்கிக்கொள். அதாவது அட்டெண்டன்ஸ்! கல்லூரியில் 75 சதவீதத்துக்கு அழுகிறவன் கில்டில் நூறு சதவீதம் வைத்திருப்பான். ஓடி கூடக் கேட்க மாட்டான்.

அந்த அட்டெண்டன்ஸ் எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்பதுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. அந்தத் தம்பி இருப்பது ஐரோப்பிய சர்வரில். அங்கே எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு ஹாயாக உட்காரும்போது நமக்குக் கோடையில் 11.30, குளிர்காலத்தில் 12.30. மூணு மணி நேர ரெய்டு முடியும்போது அவர்களுக்கு தூங்கப் போகும் நேரம், நமக்கு அதிகாலை மூன்றரை. ஏழு மணிக்கு முன்னாடியே பஸ். ஜெர்மனியில் இருக்கிறவனுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கிற அதே ரெய்டு, திருக்கோவிலூரில் இருக்கிறவனுக்குத் தூக்கத்தை முழுசாகத் தின்றுவிடுகிறது. அவன் சோம்பேறி இல்லை, நாலரை மணி நேரம் தள்ளிப் பிறந்துவிட்டான், அவ்வளவுதான்.

"தமிழ்நாட்டில்தான் சட்டம் இருக்கே" என்று கேட்பீர்கள். இருக்கு. 2022-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ், 2025-இல் வந்த விதிகள்படி ராத்திரி 12 முதல் காலை 5 வரை தடை, ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழே கூடாது. சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் அதை ஏற்றது. ஆனால் அதெல்லாம் ரம்மி, போக்கர் மாதிரி பணம் வைத்து ஆடுவதற்கு. அதே ஆகஸ்டில் வந்த மத்திய சட்டமும் பணத்தைக் கட்டி ஆடும் ஆட்டத்தைத்தான் தடுக்கிறது. நேரத்தைக் கட்டி ஆடுவதற்கு இங்கே விதி இல்லை. தென்கொரியா 2011-இல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நள்ளிரவுத் தடை போட்டு, பத்து வருஷத்துக்குப் பிறகு அதைக் கைவிட்டது. எனக்கும் அரசாங்கம் வந்து ரவுட்டரை அணைக்கும் என்ற நம்பிக்கை இல்லை.

எப்போது இது நோய்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு இருக்கு. கவனியுங்க, அதில் "இத்தனை மணி நேரம்" என்று எந்த எண்ணும் இல்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகிவிடுவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இந்த மூன்றும் பொதுவாக ஒரு வருஷம் நீடித்து, படிப்பும் வீடும் பாதிக்கப்பட வேண்டும். அதனால் செமஸ்டர் லீவில் பத்து நாள் விடிய விடிய ஆடிய நண்பனை நோயாளி ஆக்கிவிடாதீர்கள். மறுபக்கம், தினமும் மூணு மணி நேரம்தான் என்றாலும், அந்த மூணு மணி நேரத்துக்காகத் தேர்வு ஹாலைத் தவறவிடுகிறவரைக் கண்டுகொள்ளாமல் இருக்காதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதலே இதற்குத் தனி கிளினிக் இருக்கு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.

அந்தத் தம்பி விஷயத்தில் வைஃபையை அணைப்பது வேலைக்கு ஆகவில்லை. நடு ரெய்டில் அணைத்தால் அவன் ஒன்பது பேருக்குத் துரோகி. பிறகு அவர்களிடம் நல்ல பெயர் வாங்க இன்னும் ரெண்டு மடங்கு உழைப்பான். நான் சொன்னது ஒன்றுதான்: ரெய்டு தொடங்கும் முன்னாடியே, மாலையில், கில்ட் லீடருக்கு மெசேஜ் போடு. "தேர்வு இருக்கு, சனிக்கிழமை மட்டும்தான் வருவேன்" என்று. ரொம்பத் தயங்கினான். போட்டான். லீடர் "ஓகே, ஆல் த பெஸ்ட்" என்று மட்டும் பதில் போட்டார். இரண்டு வாரத்தில் வேற ஹீலர் கிடைத்துவிட்டான். தம்பிக்கு அதுதான் பெரிய அடி. "நான் இல்லாமலே டிராகன் செத்துடுச்சுண்ணா" என்றான். நவம்பரில் ரெண்டு அரியரில் ஒன்று கிளியர். சனிக்கிழமை இன்னும் விளையாடுகிறான், விளையாடட்டும்.

நீங்க விளையாடுகிறவராக இருந்தால் இன்று ராத்திரி ஒரு வேலை. ரூன்ஸ்கேப்பில் லம்பிரிட்ஜ் கோட்டையைச் சுற்றி ஹான்ஸ் என்று ஒரு வேலைக்காரர் எப்போதும் நடந்துகொண்டே இருப்பார். எல்லாரும் தாண்டிப் போய்விடுவோம். அவரை நிறுத்திக் கேட்டால், இதுவரை எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிஷம் ஆடியிருக்கீங்க என்று சொல்வார். வார்கிராஃப்டில் இதற்கு ஒரு சாட் கட்டளையே இருக்கு. இரண்டும் இல்லையென்றால் போன் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து, இந்த வாரக் கணக்கைப் பாருங்க. வருகிற மணிகளை 45-ஆல் வகுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்க. அடுத்த மாதம் மறுபடி அதே பக்கத்தில் ஒரு வரி.