செம்புப் பூச்சோடு ஒருமுறை பார்



கொட்டாஞ்சேனையில் பழைய கார்களைத் திருத்தத் தொடங்கியிருக்கும் நீ, பம்பருக்கும் கதவுப் பிடிக்கும் குரோம் பூச யாரை நம்புவது என்று கேட்கிறாய். கடையில் தொங்கும் சாமானின் பளபளப்பை வைத்து முடிவெடுக்காதே. மேலே தெரியும் குரோம் வழக்கமாக அரை மைக்ரோன் தடிப்புக்கூட இராது. கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளும் அதில் உண்டு. கடற்காற்றைத் தாங்குவது அடியிலுள்ள நிக்கல்தான். வெளியில் ஓடும் வாகனத்துக்கு அது 20 மைக்ரோனுக்குக் குறையக் கூடாது. துறைமுகத்தை ஒட்டிய உன் பகுதியில் நிக்கல் மெலிந்தால் ஈரம் இரும்பைத் தொடும், கறள் புள்ளி புள்ளியாக வெளியே வரும். ஆனால் மெலிந்த நிக்கலும் முதல் நாள் அதே மாதிரித்தான் மின்னும். அதனால் நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேள். வழக்கமான மின்னோட்டத்தில் 20 மைக்ரோன் ஏற அரை மணித்தியாலமளவு பிடிக்கும். ஐந்து நிமிடம் போதும் என்ற பதில் வந்தால் சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு வா. பழைய பூச்சை முழுதாகக் கழற்றி, செம்பு பூசி மினுக்கிய நிலையில் ஒருமுறை பார்க்கவும் அனுமதி கேள். கறள் தின்ற குழிகள் அங்கே நிரம்பாவிட்டால் பிறகு நிரம்பப் போவதில்லை.

வாடிக்கையாளர் மலிவையும் அவசரத்தையும்தானே கேட்கிறார் என்பாய். நியாயமான கேள்வி. ஆனால் மொரிஸ் மைனர் காலத்துக் கார்களின் பிடிகளும் முத்திரைகளும் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அமிலத்தில் சற்று அதிகம் கிடந்தாலே அது அரித்துப்போகும். முரட்டுத்தனமாக மினுக்கினால் எழுத்துகள் மழுங்கும். மலிவாகப் பூசியது உரிந்தால் மீண்டும் கழற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும். பஞ்சிகாவத்தையில் தேடினாலும் மாற்றுச் சாமான் கிடைப்பது நிச்சயமில்லை. வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல். இது என்ன உலோகம் என்று உன்னிடம் முதலில் கேட்கும் கடைக்காரர் பாதி நம்பிக்கைக்கு உரியவர்.

கடைக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் இருக்கிறதா என்றும் பார். அது அரசாங்கத்தின் வேலை, எங்களுக்கு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கமான குரோம் தொட்டியிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1990இல் வகைப்படுத்தியது. அந்தக் குரோமியம் கலந்த கழுவுநீரைக் கானில் ஊற்றும் அளவுக்கு அலட்சியமான கடையில் முதலில் பாதிக்கப்படுவது அங்கே நிற்கும் தொழிலாளியின் மூக்கும் நுரையீரலும். வேலையின் தரமும் இதோடு ஒட்டியது: சரியாகக் கழுவாத சாமான் ஒரு தொட்டியின் அழுக்கை அடுத்ததற்குக் கொண்டுபோகும், பூச்சு மங்கும், உரியும்.

முழுத் தொகுதியையும் கொடுக்குமுன் அதே உலோகத்தில் ஒரு கழிவுத் துண்டைப் பூசக் கொடு. விளிம்பை அரத்தால் உள்ளிருந்து வெளியாக அராவு. பூச்சு செதிலாகக் கழன்றால் அந்தக் கடை வேண்டாம். பம்பரின் உட்புறத்துக்கு மின்னோட்டம் சரியாக எட்டாது. அங்கே பூச்சு மெல்லியதாகவே இருக்கும், பூட்டுமுன் நீயே பெயின்ற் அடித்துக்கொள்.