தழையும் பிண்ணாக்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாவரத்திலிருந்து கிடைத்த உரமாயின் எதையும், எவ்வளவும், எப்பொழுதும் இடலாம், அதனால் செடிக்கு யாதொரு தீங்கும் நேராது என்ற நம்பிக்கை நம் புதுக்கோட்டைச் சீமையில் தோட்டம் போடுவோரிடையே நன்கு பரவியிருக்கிறது. ரசாயன உரங்களைக் குறித்த நியாயமான அச்சத்தில் பிறந்த நம்பிக்கையாதலால் அதனிடம் எனக்கு அனுதாபமே உண்டு. ஆயினும், கடலைப் பிண்ணாக்கைக் கைப்பிடியாக அள்ளிக் கத்தரி நாற்றின் தூரிலேயே இட்டு நீர் பாய்ச்சியவர், சில தினங்களில் அது கருகுவதைக் கண்டு வெயிலின்மீது பழி போடுவதை ஒப்புக்கொள்ள இயலவில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு தழைச்சத்துள்ள அப்பிண்ணாக்கு, ஈரம் பட்டதும் புளித்துச் சூடேறி, அம்மோனியா வாயுவை வெளியிட்டு, இளவேரைச் சுட்டுவிடுகிறது. நடவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மண்ணோடு கலந்துவிடுவது உத்தமம். வேப்பம் பிண்ணாக்கில் 5 பங்களவே தழைச்சத்து இருப்பினும், அச்சத்து விரைவில் உருமாறி நீரோடு இறங்கிப்போவதை அது தாமதப்படுத்துவதால், ஈரம் தங்காத நமது செம்மண்ணுக்கு அதையே நான் சிபாரிசு செய்வேன். ஆமணக்குப் பிண்ணாக்கும் நல்ல உரமே; ஆனால் அதிலுள்ள விஷம் ஆட்டையும் நாயையும் கொல்ல வல்லது என்பதால் மண்ணின் மேலே கிடக்கும்படி விடலாகாது.

காசு கொடுத்து வாங்கிய மூட்டையில்தான் சத்து, தரிசில் முளைப்பது வெறும் களை என்பது மற்றொரு நம்பிக்கை. கீரனூரை அடுத்த ஓடுகம்பட்டியில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் முயற்சியால் வறண்ட பூமியில் உருவான பண்ணைக்கு, தரிசில் முளைக்கும் தழையுரச் செடியான 'கொழிஞ்சி'யின் பெயரையே வைத்திருப்பது இதற்கு விடையாகும். கால்நடைகள் அதிகம் நாடாத, மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும் அச்சிறு செடியை வேரோடு மெல்லப் பெயர்த்து, வேரிலுள்ள முடிச்சொன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஆகாரமாக்கும் பணியில் ஈடுபட்டிருக்கின்றன என்பது பிரத்தியட்சம். விதைத்தோல் மிகக் கடினமாதலால் மணலோடு தேய்த்துத்தான் விதைக்க வேண்டும். ஒருமுறை காய்த்து உதிர விட்டால் பிறகு தானே முளைத்து வரும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் விரைவில் மக்கும். முற்றி நாரோடிய பின் உழுதால் நாட்கள் பிடிக்கும்.

வைக்கோலையும் சருகையும் புதைத்தால் உடனே உரமாகும் என்பாரும் உளர். அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பயிர் சில வாரங்கள் வெளிறி நிற்கும். ஆகவே, அவற்றை மூடாக்காக மேலே பரப்புங்கள்; அல்லது பச்சைத் தழையோடு கலந்து மக்கவைத்து இடுங்கள்.

அடுப்புச் சாம்பல் எல்லா மண்ணுக்கும் ஏற்றதன்று. சாம்பற்சத்து அதில் உண்டென்பது மெய். ஆனால் அது காரத்தன்மை உடையது. ஆலங்குடிப் பக்கத்துச் செம்புறாங்கல் பூமியைப் போன்ற புளிப்பு மண்ணுக்கு அளவோடு இட்டால் உதவும். சுண்ணாம்புக் களர் மண்ணுக்குக் கேடு விளைக்கும். பிண்ணாக்கோடும் கோமியத்தோடும் கலந்துவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடுமாதலால், சாம்பலைத் தனியே, வேறொரு நாளில் இடுக.