வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டதா?

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. நல்ல எதிர்காலம் தருவதாகக் கர்த்தர் சொல்லும் வசனம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். மார்ச் மாதம் என் கணவரின் விசைத்தறி நின்றுபோனது. கடனுக்கு வட்டி ஏறுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் பாக்கி. ஜெபிக்க முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது. "உனக்கு விசுவாசம் போதாது" என்கிறார்கள் சபையில். அந்த வசனம் எனக்கில்லையா?
– ஒரு சகோதரி, கரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கண்ணீர் அவிசுவாசம் அல்ல. அந்த வசனத்தை எழுதிய எரேமியாவே அதற்குச் சாட்சி.

அட்டையில் ஒரு வசனம்தான் அச்சாகும். வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். எழுபது வருஷம் என்ற கணக்கு அங்கே இருக்கிறது. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பலாம் என்று அனனியா என்பவன் ஆலயத்தில் நின்று அறிவித்தான். கேட்கச் சுகமாக இருந்தது, ஆனால் பொய். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று எழுதினார். கிறிஸ்துவுக்குள் அந்த வாக்கில் உங்களுக்கும் பங்குண்டு. டிசம்பர் 31 என்ற கெடு மட்டும் நாம் வைத்தது.

பத்து வருஷம் கழித்து எரேமியாவின் நிலை என்ன? எருசலேமைப் பாபிலோன் படை வளைத்திருந்தது. நகரம் விழும் என்று சொன்னதற்காகச் சிதேக்கியா ராஜா அவரைக் காவற்சாலை முற்றத்தில் அடைத்திருந்தான். அப்பம் சுடுகிறவர்களின் வீதியிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம் வரும். அங்கே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னான். எருசலேமுக்கு வடகிழக்கே சில மைல் தள்ளியுள்ள ஊர். பகைவன் கைக்குப் போகிற மண்.

கர்த்தர் சொன்னபடி எரேமியா அதை வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட கிரயப் பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று; நெடுநாள் கெடாமலிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி தம் எழுத்தரான பாருக்கிடம் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் விலைக்கு வாங்கப்படும் என்பதே கர்த்தர் தந்த வாக்கு.

பத்திரத்தைக் கொடுத்த கையோடு அவர் செய்த ஜெபத்தை 32-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தேவனால் கூடாதது ஒன்றுமில்லை என்று துதித்தவர், முடிவில், நகரம் பகைவன் கையில் போகிறதே, இப்போது நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று திகைத்து நிற்கிறார். கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை, பதில் கொடுத்தார்.

எரேமியா அந்த நிலத்தில் ஏர் பூட்டியதாக வேதத்தில் இல்லை. நகரம் விழுந்தபின், மீதியான ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் பெர்சியாவின் கோரேசு ராஜா கி.மு. 538 வாக்கில் அனுமதி கொடுத்தபின் ஊர் திரும்பினவர்களின் பட்டியல் எஸ்றா 2-இல் இருக்கிறது. அதில் ஆனதோத்தூரார் 128 பேர். ஒரு மனிதனின் ஆயுசுக்குள் அடங்காத வாக்கையும் தேவன் நிறைவேற்றினார்.

ஆகவே சகோதரி, மனசில் இருப்பதை அப்படியே தேவனிடம் கொட்டுங்கள். பிறகு கணவரோடு உட்கார்ந்து அசல், வட்டி, தவணை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வங்கியில் தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். கட்டணத்தைப் பிரித்துக் கட்ட கல்லூரியில் மனு கொடுங்கள். இதெல்லாம் விசுவாசக் குறைவு ஆகாது. வாக்கை நம்பினவர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரத்தையும் பத்திரப்படுத்தினார். கடன் வாங்கியாவது காணிக்கை போட்டால் இந்த மாதமே கடன் தீரும் என்று யாராவது சொன்னால், அது அனனியாவின் பேச்சு, விலகிவிடுங்கள்.

தறி எப்போது ஓடும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் உங்களை விட்டு விலகமாட்டேன் என்று சொன்னவர் வாக்கு மாறாதவர். அவரை நம்பி நாளைக் காலை வங்கிக்குப் போங்கள்.