வீட்டு விதையும் கடை விதையும்

மைசூர்ப் பக்கத்தில் ராகிக் களியை முத்தே என்பார்கள். சூடாக உருட்டி, குழம்பில் தொட்டு விழுங்குவார்கள். மெல்லக் கூடாது. காலையில் முத்தே சாப்பிட்டு வயலுக்குப் போனால் மதியம் வரை பசி தெரியாது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்புக்கு நல்லது.

ஆனால் அந்தக் காலத்து ராகி குறைவாகத்தான் விளைந்தது. மானாவாரி நிலம். மழையை நம்பிய பயிர். கதிரும் சிறியது. குலைநோய் வந்தால் கதிரின் கழுத்து கருத்துவிடும். மணி பதராகிவிடும்.

மைசூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் மண்டியா இருக்கிறது. அங்கே வி.சி. பண்ணை என்ற ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. வி.சி. என்றால் விசுவேசுவரய்யா கால்வாய். அந்தப் பண்ணையில் லட்சுமணையா என்ற விஞ்ஞானி வேலை செய்தார். தம் வாழ்நாளை ராகிக்கே கொடுத்தவர். மக்கள் அவரை 'ராகி பிரம்மா' என்று அழைத்தார்கள்.

முதலில் நம் நாட்டு ராகி வகைகளைச் சேர்த்து அருணா, உதயா, பூர்ணா, அன்னபூர்ணா, காவேரி, சக்தி என்ற ரகங்களை உண்டாக்கினார். அதோடு அவர் நிற்கவில்லை. ராகியின் தாய்வீடு ஆப்பிரிக்கா. அந்த ராகியின் கதிர் பெரியது. மணி பருமன். தண்டு உறுதி. ஆனால் விளைய நாள் அதிகம். நம் ராகி சீக்கிரம் விளையும். இரண்டையும் சேர்த்தால் என்ன?

சொல்வது எளிது. செய்வது கடினம். ராகிப் பூ மிகவும் சிறியது. விடியுமுன் இருட்டிலேயே மலரும். ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கும். அதனால் தன் மகரந்தத்தாலேயே அது காய்த்துவிடும். வேறு செடியின் மகரந்தம் சேர்வது அரிது. இதற்கு ஒரு வழி உண்டு. பச்சைச் செடியின் கதிரையும் ஊதாச் செடியின் கதிரையும் ஒன்றாகக் கட்டி வைப்பார்கள். பிறகு பச்சைச் செடியின் விதையை விதைப்பார்கள். முளைக்கும் நாற்றில் எங்காவது ஊதா நிறம் தெரிந்தால் அதுதான் ஒட்டு. நூற்றுக்கணக்கான நாற்றில் அதைத் தேட வேண்டும்!

அதன் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்காது. நல்லதை மட்டும் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்க வேண்டும். ஏழெட்டுத் தலைமுறை போன பிறகுதான் பயிர் ஒரே சீராக வரும்.

இப்படி வந்தவைதான் இண்டாஃப் ரகங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்த பெயர் அது. இண்டாஃப் 8 விளைய நான்கு மாதம் ஆகும். முன்மழையில் விதைக்க ஏற்றது. மழை தள்ளிப்போனால் இண்டாஃப் 9. அது சீக்கிரம் அறுவடைக்கு வரும். லட்சுமணையா 1993-இல் காலமானார். அதன் பின் 1996-இல் குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 வந்தது. அதன் பெற்றோரிலும் இண்டாஃப் ரகங்கள் உண்டு.

இனி சோளத்தைப் பார்ப்போம். 1964-இல் சி.எஸ்.எச். 1 என்ற ஒட்டுச் சோளம் வந்தது. இந்தியாவின் முதல் ஒட்டுச் சோளம் அதுதான். குட்டைப் பயிர். சீக்கிரம் விளையும். விளைச்சலும் நாட்டுச் சோளத்தைவிட மிக அதிகம். தட்டை குறைவு என்று மாடு வைத்திருப்பவர்கள் குறைப்பட்டார்கள். அதில் நியாயம் உண்டு.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒட்டுச் சோளம் விதைத்தார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விளைச்சல். அதிலேயே விதை எடுத்து வைத்தார். மறு ஆண்டு அதை விதைத்தார்.

"ஏன் அண்ணா, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை? கதிரும் சிறுத்துவிட்டதே!" என்று பக்கத்து வயல்காரர் கேட்டார்.

"அதே விதைதான் தம்பி. மண்ணில் ஏதோ கோளாறு" என்றார் இவர்.

மண்ணில் கோளாறு இல்லை. ஒட்டு விதையின் வீரியம் முதல் தலைமுறையோடு சரி. அடுத்த தலைமுறையில் தாயின் குணமும் தந்தையின் குணமும் பிரிந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும். கையில் பணம் இல்லாத ஆண்டு என்ன செய்வது? கடன்தான்.

இண்டாஃபும் ஒட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் பல தலைமுறை பொறுக்கிச் சீரான பிறகே நம் கைக்கு வருகிறது. எனவே வீட்டு விதையே அடுத்த ஆண்டுக்கும் போதும். சிறு விவசாயிக்கு இது பெரிய வசதி. ராகி விளைச்சல் கூடியதைப் பலரும் சொல்கிறார்கள். இந்த வசதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கடையில் விதை வாங்கும்போது கேளுங்கள்: "இது ஒட்டு விதையா, ரகமா?" பையிலும் அச்சிட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

ரகம் என்றால் வயலின் நடுவில் நோயில்லாத, ஒரே உயரமான செடிகளை அறுவடைக்கு முன்பே குறித்து வையுங்கள். அந்தக் கதிர்களைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, நன்றாகக் காயவையுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நாற்றுவிட்டு நட ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் புது விதை வாங்கிக்கொள்ளலாம்.